வண்டி கிளம்பிய பிறகு வந்த திருத்தம்

வெள்ளிக்கிழமை விடிந்தபோது, செங்காடு கார்மெண்ட்ஸின் மாடி அலுவலகத்தில் இருந்த சுழல் நாற்காலி இன்னும் விஜயராணியுடையதாகத்தான் இருந்தது.

அந்த நாற்காலிக்கு அவளுடைய மாமனார் மாரப்பன் போட்ட நிபந்தனையோ ஆணி அடித்தது போல எல்லார் மனத்திலும் இறங்கியிருந்தது. "இந்த ஆர்டர் கப்பலேறற வரைக்கும் ஒரு தப்பு வரப்படாது. வந்துச்சுன்னா, சீட்டு கன்னையனுக்கு." அவர் அதைச் சொன்ன நேரத்தில் அவருடைய மகன் திருமூர்த்தி சுவரில் தொங்கிய காலண்டரை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். புரோகிதர் இல்லாமல், ஜாதகம் பாராமல், மேடையில் மாலை மாற்றி மணந்தவன் அவன். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்து கட்டிங் மாஸ்டரான தவசியின் மகளைத்தான் மணப்பேன் என்று நின்று வென்றவன். ஆணும் பெண்ணும் நிகர் என்று அன்றைக்கு ஒலிபெருக்கியில் முழங்கியவன். மேடையிலிருந்து இறங்கியதும் அந்த முழக்கத்தை ஒலிபெருக்கிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டவன்! வீட்டிற்குள் வந்தால் அவன் கண் அப்பாவின் முகத்தைத் தேடும். அந்த முகத்தில் வெயிலா மழையா என்று பார்த்த பிறகே வாய் திறக்கும்.

விஜயராணிக்குப் பார்க்க வேண்டியது முகங்கள் அல்ல, வலைத்தளங்கள். வெளிநாட்டு வியாபாரிக்கும் திருப்பூருக்கும் நடுவில் நிற்கும் பையிங் ஆபீஸின் அறிவிப்புப் பலகை ஒன்று, நூல் மில்களின் விலைப் பக்கங்கள், டாலர் மதிப்பு, கப்பல் புறப்பாடு, மின்தடை அறிவிப்பு. முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திறப்பாள். அது சோம்பல் முறித்து விரியும்வரை காத்திருப்பாள். நேற்றுப் பார்த்ததே இன்றும் கிடக்கக் கண்டு மூடுவாள், அடுத்ததைத் திறப்பாள். அதற்குள் கீழே சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

ஆடி மாதத்தில் ஒரு தமிழ் வலைப்பதிவில் செய்தியோடை பற்றிப் படித்தாள். தளங்களின் ஓரத்தில் சின்னதாக ஆரஞ்சு நிறக் குறி ஒன்று இருக்கிறதே, அதைப் பிடித்து ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் போதுமாம். எந்தத் தளத்தில் புதிதாக எது வந்தாலும் அது நம்மைத் தேடி வந்து, கருத்த எழுத்தில் வரிசையாக நிற்குமாம். சேர்த்தாள், வந்தது. வீடு வீடாகப் போய்ச் சேதி விசாரித்த காலம் போய், சேதி அவள் வாசலுக்கு வந்தது. அரைநாள் வேலை அரைமணியில் முடிந்தது.

மிச்சமான நேரத்தில் அவள் கீழே தையல் பகுதிக்குப் போனாள். பெண்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அறிந்தாள், போட வைத்தாள். குடிதண்ணீர் டிரம்மை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்த வைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. ஆண் மிச்சப்படுத்திய நேரத்திற்கு இந்த நாட்டில் திறமை என்று பெயர். பெண் மிச்சப்படுத்திய நேரத்திற்குத் திமிர் என்று பெயர்!

"கம்ப்யூட்டர்ல வேலையே இல்லீங்க மாமா, கீழ சுத்திட்டிருக்குது" என்று மாரப்பனின் தங்கை மகன் கன்னையன் காதோடு சொன்னான். "வேலையே இல்லேன்னா எதுக்குங்க அந்தச் சீட்டு?"

அதன் பிறகு பிறந்ததுதான் அந்த நிபந்தனை.

*

காலை ஒன்பது மணிக்கு விஜயராணியின் திரையில் கருத்த எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. பையிங் ஆபீஸின் அறிவிப்பு. குழந்தைகளின் பனியனுக்காக அனுப்பியிருந்த செங்கல் நிற மாதிரித் துண்டு ஒப்புக்கொள்ளப்பட்டது, சாயம் போடலாம்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் சாயமேறாத துணி முழுவதும் காத்துக் கிடந்தது. ஆட்கள் டெம்போவில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்றி முடிக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

நூல் மில்லோடு பேசி முடித்துத் தொலைபேசியை வைத்த விஜயராணி, பையிங் ஆபீஸின் பக்கத்தைத் திறக்கத் தொடங்கினாள். திருமூர்த்தி படியேறி ஓடி வந்தான்.

"ராணி, வண்டி நிக்குது. அப்ரூவல் வந்துருச்சுன்னு சொன்னீல்ல?"

"வந்திருக்கு. பக்கத்தைத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன். இரு."

"இதுலயே போட்டிருக்குதே, எளுத்தெளுத்தா!"

"மூர்த்தி, இது வாசல்ல மணி அடிக்கிற மாதிரி. யாரு வந்திருக்கான்னு கதவைத் தொறந்து பாக்கணும்லா? சாயம் ஏத்திட்டா இறக்க முடியாது. ரெண்டு நிமிசம்."

அந்தப் பக்கமோ பாதி விரிந்து, மீதியை யோசித்துக்கொண்டிருந்தது. கீழே கேட்டருகில் இடுப்பில் கை வைத்து நின்ற மாரப்பனின் குரல் மாடிக்கு ஏறி வந்தது.

"ஏப்பா மூர்த்தி! பத்தரைக்கு ராவு காலம் பொறக்குது! அதுக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டோணும்! மேல என்ன ரெண்டு பேரும் அடை காக்கறீங்களா?"

இலண்டன் கடையில் தொங்கப்போகிற பனியன். அமெரிக்க டாலரில் கணக்கு. இணையத்தில் ஒப்புதல். இத்தனைக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாம்பு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாய் திறக்குமாம். அதற்கு முன் டெம்போ தப்பிவிட வேண்டுமாம்! அறிவு கேட்ட இரண்டு நிமிடத்தை அச்சம் தின்ன வந்தது.

திருமூர்த்தி திரையைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"நான் சொல்லிக்கறேன், உடு" என்று முனகிவிட்டுப் படிகளில் இறங்கினான். டெம்போவின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். "போலாம்!"

"மூர்த்தி!" என்று மேலே சன்னலிலிருந்து வந்த குரலை இஞ்சின் சத்தம் விழுங்கியது. மாரப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனநிறைவோடு தலையாட்டினார்.

மாடியில் அந்தப் பக்கம் விரிந்து முடியவே இல்லை. சாலையில் யாரோ எதற்கோ தோண்டியதில் கேபிள் அறுந்து, தெரு முழுவதற்கும் இணையம் போய்விட்டது. பையிங் ஆபீஸுக்கு விஜயராணி பலமுறை தொலைபேசினாள், எடுப்பார் இல்லை. நெஞ்சில் ஒரு முள்ளோடுதான் அவள் தையல் பகுதிக்கு இறங்கிப் போனாள்.

*

மாலை நான்கு மணியளவில் இணையம் உயிர் பெற்றது. அடுத்த அறையில் இருந்த கன்னையன் தன் கணினியில் பையிங் ஆபீஸின் பக்கத்தை நேராகத் திறந்தான். அடுத்த நொடி அவன் போட்ட சத்தத்தில் கீழே இருந்த எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள்.

"மாமா, இங்க வந்து பாருங்க! அப்ரூவல் இல்லீங்க! செங்கல் கலர்ல சிவப்பு தூக்கலா இருக்குது, நிறுத்தி வையி, மறுக்கா மாதிரி அனுப்புன்னு போட்டிருக்குது!"

திருமூர்த்தி பார்த்தான். உண்மைதான். நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் இருந்தது.

உள்ளறைக்கு ஓடி மனைவியின் திரையைப் பார்த்தான். ஒப்புக்கொள்ளப்பட்டது, சாயம் போடலாம் என்றே இருந்தது.

மறுபடி வெளியே ஓடினான். நிறுத்து என்றது. உள்ளே ஓடினான். நடத்து என்றது. அதே அலுவலகம், அதே நாள், அதே ஆர்டர் எண். ஒரு எழுத்து ஆடவில்லை, அசையவில்லை. ஒருவேளை வேறு நிறத்துக்கான அறிவிப்போ? இல்லை. நேற்றையதோ? இல்லை. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவில் நின்றபோது, தன் தலையே இரண்டாகப் பிளந்து ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போய்விட்டது போல அவனுக்கு இருந்தது.

மாரப்பனுக்கு அதைவிடக் குழப்பம். "ஒரே சேதி. ஒரு பொட்டி ஆச்சுங்குது, ஒரு பொட்டி ஆவலீங்குது. இதுல எந்தப் பொட்டிடா நெசம் பேசுது?"

"ரெண்டும் நிசந்தான் மாமா" என்று சொல்லிக்கொண்டே விஜயராணி படியேறி வந்தாள். வாசலில் நின்றபடியே இரண்டு திரைகளையும் ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. ஆனால் குரல் உடையவில்லை. "காலைல ஆச்சுன்னுதான் போட்டிருக்காங்க. அது எனக்கு வந்துட்டு. பொறவு பத்து மணிக்கு அதே அறிவிப்பைத் திருத்தியிருக்காங்க. இந்தா, திருத்துன நேரம் கீழ போட்டிருக்கு. அந்தத் திருத்தம் என்கிட்ட வரலை."

"ஏன் வரலை?"

"பேப்பர்காரரு காலைல வாசல்ல பேப்பரைப் போட்டுட்டுப் போயிருதாரு. பத்து மணிக்கு ஆபீஸ்ல ஒரு வரியை மாத்துனா, நம்ம வாசல்ல கெடக்குற பேப்பரு தானா மாறுமா மாமா? இதுவும் அப்படித்தான். புதுசா ஒண்ணு போட்டாத்தான் நமக்கு வரும். போட்டதையே அழிச்சு எழுதுனா சில சமயம் வராது. அதனாலதான் எது வந்தாலும் பக்கத்தைத் தொறந்து பாக்கணும்னு வச்சிருக்கேன்."

"அப்பறம் ஏன் பாக்கலீங்க?" என்றான் கன்னையன். "நேரம் மிச்சம், நேரம் மிச்சம்னு சொன்னீங்களே, அந்த மிச்சம் இதானுங்களா? கீழ தாப்பா போடறதுக்கு நேரம் இருக்குது, பக்கத்தைத் தொறக்க நேரமில்லையாக்கும்!"

விஜயராணி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு திருமூர்த்தியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ஒரு காத்திருப்பு மட்டும் இருந்தது.

திருமூர்த்தி காலண்டர் பக்கம் திரும்பினான்.

மாரப்பன் சாயப்பட்டறை அய்யாசாமிக்குத் தொலைபேசினார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். "துணி மெசின்ல ஏறியாச்சுங்க, சாயமும் உட்டாச்சுங்க" என்றது அய்யாசாமியின் குரல். "இப்ப வெளிய இழுத்தா திட்டுத் திட்டா போயிருமுங்க. ஏனுங்க, கலர்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

மாரப்பன் தொலைபேசியை வைத்துவிட்டார். உள்ளே போய் விஜயராணியின் நாற்காலி முதுகைப் பிடித்தார். கத்தவில்லை, அதுதான் அச்சமாக இருந்தது.

"நான் சொன்னது நெனப்பிருக்குதா அம்முணி? கப்பலேறற வரைக்கும் ஒரு தப்பு வரப்படாதுன்னு சொன்னேன். கோபத்துல சொல்லலே, தொழிலுக்காவ சொன்னேன். இந்த ஓடை கீடையெல்லாம் நமக்கு ஒத்து வராது. நீ ஊட்டுல இரு. திங்கக்கிழமையிலிருந்து கன்னையன் உக்காரட்டும்."

அந்த நேரத்தில்தான் காப்பிப் பிளாஸ்க்கோடு திருமூர்த்தியின் அம்மா வள்ளியாத்தாள் படியேறி வந்தார். கணவர் சொன்ன கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்தது. பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல வாசலிலேயே நின்றுவிட்டார்.

விஜயராணி மேசை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய பேனாக்களை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

பேனாக்கள் ஒன்றோடொன்று உரசும் அந்தச் சிறு ஓசை திருமூர்த்தியின் காதுக்குள் டெம்போவின் இஞ்சினைவிடப் பெரிதாக இரைந்தது. சொன்னால் அப்பா என்ன செய்வார்? தொழிலைவிட்டே விலக்குவாரோ? கன்னையன் முன்னால் அறைவாரோ? சொல்லாவிட்டால் இவள் இன்றிரவு என்ன பேசுவாள்? ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டால்? இரண்டு பக்கமும் இருட்டாக இருந்தது. எந்தப் பக்கம் கால் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. குரல்தான் முந்தி வந்தது.

"அப்பா, வண்டிய அனுப்புனது நானுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"ராணி பக்கத்தைத் தொறந்து பாக்கோணும்னுதான் சொன்னா. தொறந்துட்டும் இருந்தா. நீங்க ராவு காலம்னு சத்தம் போட்டீங்க. நாந்தான் இருக்கட்டும்னு சொல்லீட்டுப் போயி வண்டியத் தட்டி அனுப்பிச்சேன். அவ மேல தப்பில்லீங்க."

சொல்லிவிட்டான். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அடியோ, வசவோ, இடியோ, எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் விழவில்லை.

"நீயா?" என்றார் மாரப்பன். அந்த ஒரு சொல்லில் இறுக்கம் எல்லாம் இறங்கிவிட்டது. நாற்காலியை விட்டுக் கையை எடுத்தார். "செரி, உடு சாமி. நல்ல நேரத்துல போவோணும்னுதானே அனுப்பிச்சே. கெட்ட எண்ணமா? ஆச்சுன்னு போட்டுட்டு அப்பறம் ஆவலீன்னா எவன் என்ன பண்ணுவான்? அந்த ஆபீஸ்காரனுக்கு அறிவு வேண்டாம்? நம்ம நேரம் செரியில்ல, அவ்வளவுதான்."

"தொழில்னா இதெல்லாம் வர்றதுதான் மாப்ள" என்று கன்னையனும் தோளைத் தட்டினான். "ஆருக்குத்தான் தப்பு நடக்கலே?"

"வள்ளி, எல்லாருக்கும் காப்பிய ஊத்து" என்றார் மாரப்பன். "அம்முணி, நீயி அந்தப் பேனாவையெல்லாம் உள்ள வையி. சீட்டு உன்றதுதான். உக்காரு."

திருமூர்த்தி கண்ணைத் திறந்தான். இடி என்று எண்ணிக் குனிந்தவன் தலையில் பூ விழுந்தால் எப்படி இருக்கும்? இருந்தாலும் மகிழ்ச்சி பொங்கியது. காப்பாற்றிவிட்டேன்! மேடையில் பேசியதை இன்றைக்குத்தான் செய்து காட்டிவிட்டேன்! மனைவியின் முகத்தில் அந்த நன்றியைப் பார்க்கத் திரும்பினான்.

விஜயராணி உட்காரவில்லை. காலையிலிருந்து இல்லாத கோபம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

"ஒரு நிமிசம் மாமா. இப்பத்தான் இதே தப்புக்கு என் நாற்காலி போச்சு. துணி அதேதான். சாயம் அதேதான். நட்டமும் அதேதான். ஆளு மட்டுந்தான் மாறியிருக்கு. நான் செஞ்சா தப்பு, இவரு செஞ்சா நேரமா?"

"அதான் உன்ற மேல தப்பில்லீன்னு ஆயிப்போச்சே! அப்பறம் என்ன?"

"இல்லைன்னு ஆனதால உக்காரச் சொல்லுதீங்க. எனக்கு அது வேண்டாம் மாமா. நாளைக்கு நிசமாவே நான் ஒரு தப்பு செய்வேன். மனுசின்னா செய்வேன்லா? அன்னைக்கு, இப்ப இவருக்குச் சொன்னீங்களே 'செரி, உடு'ன்னு, அந்தப் பதிலை எனக்கும் சொல்லுவீங்களா? சொல்லுவேன்னு சொல்லுங்க, இப்பமே உக்காருதேன்."

எத்தனையோ பேரங்களில் வாய் தோற்காத மாரப்பன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொல்வேன் என்றால் பொய்யாகும். சொல்லமாட்டேன் என்றால் பொல்லாப்பாகும். அவர் சன்னலைப் பார்த்தார்.

விஜயராணி ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். "இதே ஆர்டர்ல காப்பிக்கொட்டை நிறம் ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒப்புதல் போன வாரமே வந்துட்டு, பக்கத்தையும் தொறந்து பாத்தாச்சு. ஏறுன சாயத்துக்கு மேல அதை ஏத்த முடியுமான்னு அய்யாசாமி அண்ணன்கிட்டப் போயிப் பாக்கேன். முடிஞ்சா துணி பொழைக்கும். நாற்காலி வெசயம் நீங்க பதில் சொன்ன பொறவு."

"ராணி, நாந்தான் எல்லாம் சொல்லிட்டேனே…" என்று தொடங்கினான் திருமூர்த்தி.

"சொன்னே மூர்த்தி. நாற்காலி போன பொறவு சொன்னே." அவள் அவனைக் கடந்து படியிறங்கினாள்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வள்ளியாத்தாள் காப்பிப் பிளாஸ்க்கைக் கன்னையனின் கையில் திணித்தார்.

"நில்லு அம்முணி! நானும் வர்றேன்."

மாரப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எங்க போறே? சாயப்பட்டறையில உனக்கென்ன வேலை?"

"வேலை இருக்குதோ இல்லியோ, போறேனுங்க." புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டே வள்ளியாத்தாள் சொன்னார். வழக்கமான அந்த மரியாதைக் குரல்தான். ஆனால் அதற்குள் புதிதாக ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. "அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில யோசிச்சு வையுங்க. அப்படியே எனக்குச் சொல்ல வேண்டியதையும் யோசிச்சு வையுங்க. அந்த 'செரி, உடு'வுக்கு நானும் வெகுநாளா காத்திட்டிருக்கறேன்."

மருமகளின் ஸ்கூட்டியில் மாமியார் பின்னால் ஏறி உட்கார்ந்ததைத் தையல் பகுதியின் சன்னல்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது.

மேலே மூன்று ஆண்கள் நின்றார்கள். நடுவில் நாற்காலி காலியாக இருந்தது. காப்பியை ஊற்ற வேண்டும் என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை.

"உங்கம்மாளுக்கு நான் என்னடா பதில் சொல்லோணும்?" என்று கேட்டார் மாரப்பன். குரல் தணிந்திருந்தது.

நாலு மணியிலிருந்து எதுவுமே விளங்காமல் தவித்த திருமூர்த்திக்கு இதுவும் விளங்கவில்லை. ஆனால் அப்பாவின் முகத்தை வழக்கம்போல உற்றுப் பார்த்தபோது, ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அவருக்குத் தெரியும்.